முன்பணமும் பூச்சியமும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

குறை எண்ணைக் கூட்டச் சொன்னால் எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் விழிக்கிறார்கள். வீட்டில் நடப்பதே அந்தக் கணக்குதான்! மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் கையில் +5,000, அவர் சிட்டையில் −5,000. நோட்டுக் கட்டு கனமாக இருந்தாலும் அன்றைக்குச் சொந்தமாகச் சேர்ந்தது பூச்சியம். நண்டும் கணவாயுமாக 5,000 ரூபாய்க்குச் சரக்குப் போட்டால்தான் பாக்கி நேராகும். கி.பி. 628இல் கணித அறிஞர் பிரம்மகுப்தரும் சொத்து, கடன் என்று வைத்துத்தான் விதி எழுதினார்: இரண்டும் சமமானால் கூட்டுத்தொகை பூச்சியம்.

இன்னொன்று. பாம்பன் கால்வாயில் நீரோட்டம் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் தெற்கே இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வள்ளமும் அதே வேகத்தில் வடக்கே தள்ளினால் பாலத்தடியில் நின்ற இடத்திலேயே நிற்கும். எஞ்சின் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். பூச்சியம் என்றால் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைக்கும் பிள்ளைக்கு இது புரியும். (டீசல் காசு திரும்பாது, அது வேறு கதை.)

எண்கோடு வரையட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஆசிரியர்கள் ஒரு மீன் சிட்டையைக் கரும்பலகையில் எழுதிப் போடலாமே?

ஒரு வாசகர்,
பாம்பன்.