நம் நிகுஸ்தான்களை யார் உடைப்பது?

சபையின் மேய்ப்பர்களுக்கும் மூப்பர்களுக்கும்,

ஸ்தோத்திரம். கடைசி வரிசையில் உட்காரும் விசுவாசி ஒருவன் எழுதுகிறேன்.

விக்கிரகாராதனை என்றதும் நம் பிரசங்கங்களில் விரல் வாசலுக்கு வெளியேதான் நீள்கிறது. ஆனால் எசேக்கியேல் 14-ஐத் திறந்து பாருங்கள். விக்கிரகங்களை இருதயத்தில் நாட்டி வைத்திருக்கிறார்கள் என்று கர்த்தர் சொன்னது, தீர்க்கதரிசியின் முன் வந்து பயபக்தியாக உட்கார்ந்திருந்த இஸ்ரவேலின் மூப்பர்களைத்தான்.

என்னை வெகுநாளாகத் தொந்தரவு செய்வது அந்த வெண்கலச் சர்ப்பம். அதைச் செய்யச் சொன்னவர் கர்த்தர், செய்தவன் மோசே. பாம்பு கடித்தவர்கள் அதைப் பார்த்துப் பிழைத்தார்கள். இயேசுவே தம் சிலுவையைப் பற்றிச் சொல்ல அதைத்தான் எடுத்துக்கொண்டார் (யோவான் 3:14). அப்படிப்பட்ட ஒன்றுக்கு ஜனங்கள் தூபம் காட்ட ஆரம்பித்து, எசேக்கியா ராஜாவின் காலம்வரை காட்டிக்கொண்டே இருந்தார்கள். அவன் அதை உடைத்துப்போட்டு 'நிகுஸ்தான்' என்று பேரிட்டான். வெறும் வெண்கலத் துண்டு, அவ்வளவுதான். 'பாரம்பரியம், எத்தனை பேரைப் பிழைக்க வைத்தது தெரியுமா' என்று அன்றைக்கும் யாராவது முணுமுணுத்திருப்பார்கள்.

நம்முடைய நிகுஸ்தான்களும் கர்த்தர் கொடுத்தவைதான். ஊழியம் அவர் கொடுத்தது, வரமும் அவர் கொடுத்தது. ஆனால் இன்று சுவரொட்டியில் பேச்சாளரின் முகம் நடுவில் இருக்கிறது, வசனம் மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. காணிக்கைக் கணக்கை ஒருவர் கேட்டால், 'அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே' என்று பதில் வருகிறது. சங்கீதம் 105-ல் அந்த வார்த்தை, நாடோடிகளாய்த் திரிந்த முற்பிதாக்களை ராஜாக்கள் ஒடுக்காதபடி சொல்லப்பட்டது. கணக்குப் புத்தகத்தை மூடிவைக்க அதை எடுத்துக்கொண்டோம்! லீஸ்திரா பட்டணத்தில் ஜனங்கள் அப்போஸ்தலர்களான பவுலையும் பர்னபாவையும் தேவர்கள் என்று சொல்லிப் பலியிட வந்தபோது அவர்கள் இருவரும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார்கள். நாம் மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறோம்.

சரி, உங்களை மட்டும் சொல்லித் தப்பிக்க மாட்டேன். பிரபலமான பிரசங்கியார் வராத ஞாயிறுகளில் நான் ஆராதனைக்கே போகாமல் இருந்திருக்கிறேன். பல வருடம். யாரைத் தேடிப் போனேன் என்பது அதிலேயே தெரிந்துபோயிற்று. தூபம் காட்ட ஆள் இருந்ததால்தானே சர்ப்பம் அவ்வளவு காலம் நின்றது?

வெளிப்படுத்தலில் ஏழு சபைகளுக்கு மடல்கள் உண்டு. அவற்றில் ஐந்தைப் பார்த்து 'மனந்திரும்பு' என்கிறார் ஆண்டவர். நாமோ மனந்திரும்புதலைப் புதிதாய் வருகிறவர்களுக்கான நுழைவுச் சீட்டு மாதிரி வைத்திருக்கிறோம். உபவாசக் கூட்டத்தில் பொதுவாக அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு அப்படிச் செய்யவில்லை. பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று கணக்கோடு பேசினான்.

அதே எசேக்கியா ஆலயத்தைச் சுத்திகரித்தபோது, உள்ளே போய் அசுத்தத்தை வெளியே கொண்டுவந்தவர்கள் ஆசாரியர்களே. ஜனங்களை அனுப்பவில்லை. வேலை முடிய 16 நாள் ஆயிற்று.

அதனால் ஒன்று கேட்கிறேன். அடுத்த திருவிருந்தில் அப்பத்தைப் பிட்கும் முன்பு, நீங்கள் முதலில் எழுந்து நில்லுங்கள். பொதுவான பாவ அறிக்கை வேண்டாம். எதை உடைக்கப்போகிறீர்கள் என்று பேர் சொல்லுங்கள். கணக்குப் புத்தகத்தை மேசைமேல் வையுங்கள். அடுத்து எழுந்து நிற்க நான் கடைசி வரிசையில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மந்தையில் ஒருவன்