செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: ரத்தமும் மனசும்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் பக்கமிருந்து பிள்ளைகளோடு பஸ் ஏறி வந்திருக்கும் குடும்பத்தினர் அனைவருக்கும் வணக்கமுங்க.

ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா, ரத்தச் சிவப்பணு சரியாக உருவாகாத தலசீமியா, சிவப்பணு அரிவாள் வடிவாக மாறும் சிக்கிள் செல் ஆகிய மூன்று மரபணு ரத்தக் கோளாறுகள் உள்ளவர்களுக்கான நம் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. ஏப்ரல் 17 உலக ஹீமோபிலியா தினத்தையும் மே 8 உலக தலசீமியா தினத்தையும் எளிமையாக அனுசரித்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு நாம் புதிதாக எடுத்துச் செய்தது மனசு சம்பந்தப்பட்ட வேலை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாம் ஒருவரையொருவர் பார்த்தால் எச்பி (ரத்தத்தில் ஹீமோகுளோபின்) எவ்வளவு, ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் அளவு) எவ்வளவு, ஃபேக்டர் (ரத்தம் உறைய வைக்கும் ஊசி மருந்து) கிடைத்ததா என்று கேட்போம். ராத்திரி தூங்கினீங்களா என்று கேட்கவும் ஓர் இடம் வேண்டியிருந்தது.

மாதக் கூட்டம் முடிந்ததும் அம்மாக்கள் மட்டும் தனியாக உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்தோம். முதல் தடவை வெகுநேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒரு தாய், ஹீமோபிலியா உள்ள மகனுக்கு மூட்டுக்குள் ரத்தம் கசிந்து முட்டி வீங்கும்போதெல்லாம் "உங்க பொறந்த வீட்டு ரத்தம்தானே" என்று வீட்டில் பேச்சு விழுவதைச் சொன்னார். அதோடு ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள். ஹீமோபிலியா பெரும்பாலும் தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் வருவது உண்மை. ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, குடும்பத்தில் முன்பு யாருக்குமே இல்லாமல், மரபணுவில் புதிதாக ஏற்படும் மாற்றத்தால் வருகிறது. வழிவழியாக வந்திருந்தாலும் அந்த அம்மா அதைக் கேட்டு வாங்கி வரவில்லை. தலசீமியாவோ தாய், தகப்பன் இருவரும் கேரியராக (நோய் வெளியே தெரியாமல் அந்த மரபணுவைச் சுமப்பவராக) இருந்தால்தான் பிள்ளைக்குத் தீவிரமாக வரும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கு 25 சதவீத வாய்ப்பு. இதையெல்லாம் ஒரு மருத்துவரைக் கொண்டு அப்பாக்களுக்கும் பாட்டிகளுக்கும் சேர்த்தே சொல்ல வைத்தோம். பழி சொல்கிறவர்கள் காதில் விழாமல், பழி கேட்கிறவரிடம் மட்டும் மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்லிப் புண்ணியமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து, வளர்ந்த பிள்ளைகள். தலசீமியா உள்ளவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஒரு யூனிட் ரத்தத்தோடு 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உள்ளே போகிறது. அதைத் தானாக வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை. இதயத்திலும் ஈரலிலும் படிந்துவிடும். அந்த இரும்பை வெளியேற்றத்தான் டெஃபெராசிராக்ஸ் போன்ற மாத்திரைகள். சின்ன வயசில் அம்மா கையால் ஒழுங்காகச் சாப்பிட்ட பிள்ளைகள் பதினைந்து பதினாறு வயசில் அதை ஒளித்துவைக்கிறார்கள். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் சொன்னார்: "மாத்திரையைக் கையில எடுக்கறப்பத்தான் நான் நோயாளின்னு நெனப்பு வருதுங்க." வீட்டில் இதைத் திமிர் என்கிறார்கள். எனக்கு அது பல வருஷக் களைப்பாகவே தெரிகிறது. திட்டுவதால் அது தீராது. அதனால் முப்பது வயசைத் தாண்டி, வேலைக்குப் போய், குடும்பமாக இருக்கும் மூத்த உறுப்பினர்களை இளையவர்களோடு பேச வைத்தோம். மருத்துவர் பத்து தடவை சொன்னதைவிட அந்த அண்ணன், அக்கா சொன்னது நன்றாக எடுபட்டது.

மலைக்கிராமங்களிலிருந்து வரும் சிக்கிள் செல் உறுப்பினர்களின் சங்கடம் வேறு. குளிர் பட்டாலோ, தண்ணீர் குடிப்பது குறைந்தாலோ எலும்பைப் பிடுங்குகிற வலி வரும். வெளியே வீக்கம்கூடத் தெரியாமல் இருக்கலாம். வேலைக்குச் சோம்பி நடிப்பதாகச் சொல்லிவிடுகிறார்கள். வலியை நம்பாத பேச்சு வலியைவிடக் கொடியது என்று ஓர் இளைஞர் சொன்னபோது அரங்கில் சத்தமே இல்லை.

வழக்கம்போல் கோடையில் ரத்தத்துக்குத் தட்டுப்பாடு. கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டதும் முகாம்கள் குறைந்துவிடுகின்றன. ரத்தம் ஏற்றும் நாள் தள்ளிப்போனால் பிள்ளை சோர்ந்து படுப்பான். பெற்றவர்கள் படும் பதைப்பு அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறையும், பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் கொடுக்கலாம். விசைத்தறிக் கூடங்களிலும் ஊர்ப் பண்டிகைகளிலும் கொடையாளர் பட்டியல் எடுத்துவைத்தால் அடுத்த சித்திரையில் கொஞ்சம் மூச்சு விடலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 நம் மூன்று நோய்களையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் அரசுப் பணியில் அதே சட்டம் தரும் 4 சதவீத இடஒதுக்கீட்டுக்கான பிரிவுகளில் ரத்தக் கோளாறு இல்லை. படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் மனச்சோர்வில் இதற்கும் பங்கு உண்டு. இது குறித்து மனு கொடுக்கும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. தயவுசெய்து எல்லோரும் கையெழுத்திடுங்கள்.

வரும் ஆண்டில் நோயில்லாத அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். "எனக்குக் காய்ச்சல் வந்தா மட்டும் யாரும் பயப்படறதில்லை" என்று ஒரு சிறுமி சொன்னாள். தலசீமியா குடும்பங்களில் கல்யாண வயசில் இருப்பவர்களுக்கு கேரியரா என்று காட்டும் எச்பி ஏ2 ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது. மனசு தாங்காத நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அம்மாக்கள் கூட்டத்துக்குப் பெயர் கொடுக்காதவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன் இணைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்