மழை நாளின் கூலி

அன்பு மகளுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. அம்மா முற்றத்தில்தான் பானை வைத்தாள். உன் பங்குக் கரும்பைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள். இன்று காலை பால் வாங்கப் போனபோது தெருமுனையில் கரும்புச் சக்கையும் வாழையிலையும் இடுப்பளவு குவிந்து கிடந்தன. தூய்மைப் பணியாளர்கள் நாலு பேர் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் லீவு என்றால் அவர்களுக்கு இரட்டை வேலை. அங்கே நின்றபோதுதான், நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்பது உறைத்தது.

"வர்ற திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நாள், லீவு. ஆபீஸ்ல எல்லாரும் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டப் போறாங்க, என்னையும் கூப்பிடறாங்க. ஒரு நாள் போய் டப்பா அடுக்கினா என்னப்பா மாறிடும்?" என்றாய். "உன் இஷ்டம்" என்று சொல்லி போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். என் இஷ்டம் என்ன என்று இப்போது சொல்கிறேன். நீ போக வேண்டும் மக்ளே.

நீ இருப்பது அட்லாண்டாவில். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கிங் 1929 ஜனவரி 15-ல் பிறந்த வீடு உன் ஊரில், ஆபர்ன் அவென்யூவில் இருக்கிறது. அந்த லீவு நாள் சும்மா வந்துவிடவில்லை. 1968 ஏப்ரல் 4-ல் அவரைச் சுட்டுக் கொன்ற நாலாவது நாளே ஜான் கான்யர்ஸ் என்ற எம்.பி. மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகப் பதினைந்து வருஷம் ஆனது. 1979-ல் பிரதிநிதிகள் சபையில் தேவையான ஓட்டுக்கு ஐந்து குறைந்து தோற்றது. கிங்கின் மனைவி கொரெட்டாவும் பாடகர் ஸ்டீவி வொண்டரும் 60 லட்சம் கையெழுத்துகளை நாடாளுமன்றத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1983 நவம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்டு, 1986 முதல் லீவு. அப்புறமும் சில மாநிலங்கள் முரண்டு பிடித்தன. 1990-ல் அரிசோனா மக்கள் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள், இரண்டு வருஷம் கழித்துத்தான் மனம் மாறினார்கள்.

அந்த நாளைத் தொண்டு செய்யும் நாளாக ஆக்கியது 1994-ல் வந்த சட்டம். அதைக் கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். ஹாரிஸ் வோஃபோர்ட் இளவயதில் இந்தியாவுக்கு வந்து காந்தியைப் படித்துவிட்டுப் போனவர். ஜான் லூயிஸ் உங்கள் அட்லாண்டாவின் எம்.பி.யாக நெடுங்காலம் இருந்தவர். 1965-ல் ஓட்டுரிமை கேட்டு அலபாமா மாநிலத்தின் செல்மா ஊர்ப் பாலத்தில் நடந்தபோது போலீஸ் தடியடியில் அவர் மண்டை உடைந்தது. அடிபட்ட மனிதர் ஒருவர், இந்த நாளில் படுத்துக் கிடக்காமல் எழுந்து போய் யாருக்காவது ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறார். அதை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. கிங் கடைசியாக எதற்காக டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரத்துக்குப் போனார் தெரியுமா? குப்பை அள்ளுகிறவர்களுக்காக. அங்கே அந்த வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். 1968 ஜனவரிக் கடைசியில் ஒரு மழை நாளில் சாக்கடை வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்களைக் கூலி இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளைக்கார மேற்பார்வையாளர்களுக்குச் சம்பளம் குறையவில்லை. பிப்ரவரி 1-ல் மறுபடியும் மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு பேர் நனையாமலிருக்கக் குப்பை லாரியின் பின்பக்கம் ஒதுங்கினார்கள். குப்பையை நசுக்கும் எந்திரம் தானாக ஓடி இருவரையும் இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் 1,300 பேர் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் கழுத்தில் தொங்கிய அட்டைகளில் எழுதியிருந்தது ஒரே வாசகம்: "நான் ஒரு மனிதன்." அவர்களுக்குத் துணையாகப் போன இடத்தில்தான் 39 வயதில் கிங் செத்தார். அவர் செத்து பன்னிரண்டாம் நாள் நகர நிர்வாகம் தொழிலாளர் சங்கத்தை ஏற்றுக்கொண்டு, கூலியை உயர்த்த ஒத்துக்கொண்டது.

ரிட்டயர் ஆன பிறகு லைப்ரரியில் இதைப் படித்தேன். மழை என்ற இடம் வந்ததும் மேலே படிக்க முடியாமல் மூடிவைத்துவிட்டேன்.

உனக்கு அப்போது நாலு வயது. நான் வெளி மாவட்டத்தில் ஒரு நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டர். ஐப்பசி அடைமழை. காலை ஐந்தரைக்கு மஸ்டர் என்கிற வருகைப் பதிவேட்டை எடுத்து ஆட்களை வார்டுகளுக்கு அனுப்பிவிட்டேன். ஏழு மணிக்கு மேல் மழை வலுத்தது. தினக்கூலிப் பெண்கள் பன்னிரண்டு பேர் தள்ளுவண்டிகளை ஓரம் கட்டிவிட்டு ஒரு பாத்திரக்கடைத் திண்ணையில் ஒதுங்கினார்கள். மேலதிகாரி ஜீப்பில் போகும்போது பார்த்துவிட்டார். அத்தனை பேருக்கும் அரைநாள் வெட்டு என்று உத்தரவு. நான் மஸ்டரை எடுத்து வரிசையாகச் சிவப்பு மையில் அடித்தேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் ஒரு அக்கா வந்து, "சார், குடை புடிச்சுட்டு நின்ன உங்களுக்கு அரைநாள் வெட்டா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இதுவரை இதை உன்னிடம் சொன்னதில்லை. அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

தோள்சீலை போட உரிமை கேட்டு அடிபட்ட பெண்களின் வழியில் வந்த குடும்பம் நம்முடையது. 1859-ல் திருவிதாங்கூர் மகாராஜா இறங்கிவரும்வரை நம் பாட்டிமார் பட்டதை என் ஆச்சி கதையாகச் சொல்லுவாள், நானும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த கைதான் சிவப்பு மையில் அடித்தது.

கிங் 1959-ல் இந்தியாவுக்கு வந்தபோது நம் கன்னியாகுமரிக்கும் வந்தார். ஒரு பக்கம் சூரியன் கடலில் இறங்க, மறுபக்கம் நிலா எழுந்ததைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ப் பிரசங்கத்தில் சொன்னார். திருவனந்தபுரத்தில் நடந்த இன்னொன்றையும் அவரே 1965-ல் அட்லாண்டா தேவாலயத்தில் சொன்னார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில், தலைமையாசிரியர் அவரை "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர்" என்று அறிமுகம் செய்தாராம். முதலில் அவருக்குச் சுருக்கென்றிருந்தது. பிறகு தன் ஜனங்களின் நிலைமையை நினைத்துப் பார்த்து, ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று ஏற்றுக்கொண்டார். என்னால் திரும்பத் திரும்ப நினைக்க முடிகிற இடம் அது.

இன்னொன்று. நீ அங்கே போய்ச் சம்பாதிப்பது உன் படிப்பால் மட்டும் என்று நினைக்காதே. 1946 சட்டப்படி வருஷத்துக்கு 100 இந்தியர்களுக்குத்தான் அங்கே குடியேற இடம். 1965-ல் அந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய சட்டம், கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிய அதே காலத்தின் காற்றில் வந்தது. அவர்கள் நடந்த நடையில் நமக்கும் ஒரு வாசல் திறந்தது.

ஒரு நாளில் என்ன மாறும் என்று கேட்டாயே. போன வருஷம் முதல் ஞாயிறுதோறும் காலையில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்குப் பி.எஃப். பாரம் நிரப்பிக் கொடுக்கிறேன். சம்பளத்தில் பிடித்த பணம் கணக்கில் இருக்கும். ஆதாரில் ஒரு எழுத்து, பி.எஃப். கணக்கில் வேறு எழுத்து, அதனால் எடுக்க முடியாது. ஒரு அம்மாவுக்கு அந்த ஒரு எழுத்தைத் திருத்த மூன்று ஞாயிறு ஆனது. பணம் வந்ததும் எனக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுத்தாள். அந்த மழை நாள் அக்காவைத் தேடி ஒருமுறை பழைய ஊருக்கும் போனேன். மகன் வீட்டோடு திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டாள் என்றார்கள், விலாசம் யாருக்கும் தெரியவில்லை.

சரி, திங்கட்கிழமை போ. உங்கள் ஊரில் கிங்கின் தோழர் ஹோசியா வில்லியம்ஸ் 1971-ல் தொடங்கிய சாப்பாட்டுப் பந்தி இன்றும் அந்த நாளில் நடக்கிறது என்று படித்தேன். எங்கே போனாலும் டப்பா அடுக்கிவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடாதே. சாப்பிட வருகிறவர்களோடு உட்கார்ந்து நீயும் சாப்பிடு. பேர் கேள், உன் பேரைச் சொல். பிப்ரவரியில் எப்போது வரட்டும் என்று அங்கேயே கேட்டுவிட்டு வா, ஜனவரியில் மட்டும் பசிப்பதில்லை. உன் ஆபீஸை ராத்திரியில் யாரோ வந்து சுத்தம் பண்ணுவார்கள் என்று முன்பு ஒருமுறை சொன்னாய். அந்த யாரோ யார் என்பதையும் தெரிந்துகொள்.

குளிர் அதிகம் என்று அம்மா கவலைப்படுகிறாள், நான் அனுப்பிய கம்பளிக் குல்லாவைப் போட்டுக்கொள். வேலை முடிந்ததும் கூப்பிடு. உனக்கு ராத்திரி பத்து மணி என்றால் எங்களுக்குச் செவ்வாய் காலை எட்டரை. காபி குடித்துவிட்டுத் திண்ணையில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா