மீனா, கப்பல் ஏறும் முன் இதைப் படித்துவிடு

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனின் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு குடும்பமாகக் கப்பல் பயணம், அதுவும் எங்கள் சிங்கப்பூரிலிருந்து என்று படித்ததும் ரொம்பச் சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மா முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நன்றாகத் தேறிவிட்டாள், மீன், காய்கறி விற்கும் ஈரச்சந்தை வரைக்கும் கைத்தடி இல்லாமல் போய்வருகிறாள்.

என்னவெல்லாம் எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று கேட்டிருந்தாய். அயர்ன் பாக்ஸும் கெட்டிலும் வேண்டாம், தீப்பிடிக்கும் என்று ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். எனக்குக் கவலை வேறு. பினாங்கு, புக்கெட் போய்வரும் அந்தக் கப்பல்களில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள், அங்கே ஒருத்தர் அலட்சியமாக இருந்தால் அடுத்தவருக்கு எரிச்சல் மட்டுமில்லை, சில சமயம் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சி இருக்கும். ஏழு தடவை குட்டையாகவும் ஒரு தடவை நீளமாகவும் சங்கு ஊதினால் எங்கே போய் நிற்கவேண்டும், லைஃப் ஜாக்கெட்டை எப்படி மாட்டவேண்டும் என்று காட்டுவார்கள். பாதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டும் சத்தமாகப் பேசிக்கொண்டும் இருப்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். 2012 ஜனவரி 13-ஆம் தேதி இத்தாலியில் ஜில்லியோ தீவுக்குப் பக்கத்தில் கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் செத்துப்போனார்களே, அன்று சாயங்காலம் ஏறிய நூற்றுக்கணக்கான பேருக்கு இந்தப் பயிற்சி நடக்கவே இல்லை, மறுநாள் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அதற்கப்புறம்தான் விதியை மாற்றினார்கள். 2015 முதல் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும். நீங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள், பேரன் பேத்திகளையும் கேட்க வையுங்கள்.

உன் கொழுந்தனார் இன்னும் சிகரெட்டை விடவில்லை என்றால் பால்கனிப் பக்கமே போகவேண்டாம் என்று சொல். 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் கப்பல் ஜமைக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது பால்கனிகளில் தீப்பிடித்துப் பரவி ஒருத்தர் இறந்துபோனார். யாரோ அணைக்காமல் போட்ட சிகரெட் துண்டாகத்தான் இருக்கும் என்று விசாரணையில் சொன்னார்கள்.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் கைக்குத் தெளிக்கும் மருந்து வைத்திருப்பார்கள், அது மட்டும் போதாது. கப்பலில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸ் அதற்கெல்லாம் அவ்வளவாக அசையாது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவவேண்டும். பரிமாறும் கரண்டி இருக்கும்போது விரலால் எடுக்கக்கூடாது. யாருக்காவது வயிறு சரியில்லை என்றால், ஊர் சுற்றுவது கெட்டுவிடும் என்று மறைக்காமல் கப்பல் டாக்டரிடம் சொல்லிவிட்டு அறையிலேயே இருக்கவேண்டும். மறைத்துக்கொண்டு வரிசையில் வந்து நிற்பதை என்னால் மன்னிக்கவே முடியாது.

நீச்சல்குளம் பக்கத்து நாற்காலிகளில் விடியற்காலையிலேயே துண்டைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள், பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. நீங்கள் செய்யாதீர்கள். ராத்திரி அறை வாசல் நடைவழியில் சத்தமும் வேண்டாம், சுவரெல்லாம் மெல்லியது.

வேலை செய்கிறவர்களைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும். பெரும்பாலும் பிலிப்பினோக்கள், இந்தோனேசியர்கள், நம் இந்தியப் பிள்ளைகள். ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று ஒப்பந்தம், வாரத்தில் விடுமுறை நாளே கிடையாது. ஒரு நாளைக்குக் குறைந்தது பத்து மணி நேரம் ஓய்வு தரவேண்டும் என்று சர்வதேசச் சட்டம் சொல்கிறது, மீதியை நீயே கணக்குப் போட்டுக்கொள். போன தடவை எங்கள் அறையைப் பார்த்துக்கொண்ட தம்பி நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு பேசாமலே இருந்தார். கடைசி நாளுக்கு முந்தின நாள் கட்டில்மேல் டவலை யானையாக மடித்து வைத்துக்கொண்டே, "அக்கா, எனக்குத் தூத்துக்குடிதான்" என்றார். ஏன்ப்பா இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். தமிழ் என்று தெரிந்தால் சிலர் உரிமையோடு நடுராத்திரியில் வெந்நீர் கேட்பார்களாம், ஊறுகாய் கேட்பார்களாம், முடியாது என்று சொல்ல வாய் வராதாம். அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை, மீனா. அவர்களுக்கென்று டிப்ஸாகத் தினமும் ஒரு தொகை நம் பில்லில் சேரும், கடைசி நாள் கவுண்டரில் போய் அதை நீக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அண்ணனிடம் இப்போதே சொல்லி வை, அதில் கை வைக்கக்கூடாது.

அப்புறம் புக்கெட்டில் இறங்கினால் போன் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும், சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பலில் சொல்லும் நேரம்தான் கணக்கு, அதனால் கைக்கடிகாரம் கட்டிக்கொள். பினாங்கில் கரையிலிருந்து நடக்கிற தூரத்திலேயே குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில், 1833-இல் கட்டியது. கட்டாயம் போய் வாருங்கள்.

கப்பல் ஏறுவதற்கு முந்தின நாளே வந்துவிடுங்கள். ராத்திரிச் சாப்பாடு நம் வீட்டில்தான், எத்தனை பேர் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
சாந்தி