காற்றுப் பையை வெட்டி எறியாதீர்கள்: திருகோணமலை குஷன் பாஸ்மாருக்கு ஒரு திறந்த மடல்

கார்ச் சீட்டுகளுக்குக் குஷன் தைக்கும் மதிப்புக்குரிய பாஸ்மாருக்கு,

வணக்கம். இந்த ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்காக ஒரு மடலா என்று நீங்கள் சிரிக்கக்கூடும். சிரியுங்கள். ஆனால் அந்தக் கார்களின் சீட்டுக்குள் இடுப்பைத் தாங்க வைத்திருக்கும் காற்றுப் பை, உங்கள் கைக்கு வந்ததும் குப்பைக்குப் போய்விடுகிறது. என் கார்ச் சீட்டிலும் அதுதான் நடந்தது. காற்று நிற்கவில்லை என்று ஒரு கடையில் விட்டேன். பையை வெட்டி எடுத்துவிட்டு ஸ்பொன்ஞ் வைத்துத் தைத்துத் தந்தார்கள். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. கந்தளாய் தாண்டி ஹபரணையை எட்டுவதற்குள் முதுகுதான் கெஞ்சுகிறது.

ஸ்போர்ட்ஸ் கார் தாழ்வானது, காலை நீட்டி உட்கார வேண்டும், சஸ்பென்ஷனும் இறுக்கம். ஆளுக்கு ஆள் முதுகின் வளைவு வேறு என்பதால்தான் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு வந்தது. 1980களின் டொயோட்டா செலிக்கா சுப்ராவில் கையால் அமுக்கும் ரப்பர் பந்து இருந்தது. கொர்வெட்டில் மின்பம்பும் மூன்று பைகளும் வந்தன. ஸ்பொன்ஞ் இந்த வேலையைச் செய்யாது.

உள்ளே பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பை, மெல்லிய குழாய், சிறிய பம்ப், வால்வு, சுவிட்ச், அவ்வளவுதான். சுவிட்சை அமுக்கினால் பம்ப் சத்தமே இல்லையா? பையைத் தொட வேண்டாம். பியூஸையும், சீட் முன்பின் நகரும்போது இழுபடும் வயரையும் பாருங்கள். பம்ப் ஓடியும் பை எழும்பாவிட்டால் குழாய் கழன்றிருக்கும், அல்லது பையின் விளிம்பு ஒட்டு விட்டிருக்கும். எழும்பிவிட்டு மெல்ல இறங்கினால், பைக்குப் பக்கத்தில் குழாயை மடித்து ஒரு கிளிப் போடுங்கள். அப்படியும் இறங்கினால் குற்றம் பையில். இறங்காமல் நின்றால் வால்வில் அல்லது குழாய் இணைப்பில்.

ஓட்டை தேடுவதற்குப் பஞ்சர் கடைக் கம்பிரசரைக் கொடுத்துவிடாதீர்கள், நல்ல பையும் வெடித்துவிடும். பார்மசியில் விற்கும் இரத்த அழுத்தக் கருவியின் ரப்பர் பந்தும் மானியும் போதும். மானி 100 காட்டினால் அது சுமார் 2 பிஎஸ்ஐ. டயருக்கு 30 அடித்துப் பழகிய கைக்கு அது ஒரு ஊதல் மாதிரி. அந்த அளவோடு பையை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குழாய் பையோடு சேரும் கழுத்தை முதலில் பாருங்கள். அங்கே ஊசிமுனையளவு வெடிப்பிலிருந்து குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புவதைக் கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒட்டுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டியூபுக்குப் போடும் சொலூஷன் ரப்பர் பையைப் பிடிக்கும். பிவிசியையும் பாலியூரித்தேனையும் பிடிக்காது. ஒட்டியதுபோல் காட்டிவிட்டு, கச்சான் காலத்து வெயிலில் இரண்டு நாள் நின்றதும் உரிந்துவிடும். பையின் பொருளுக்கு ஏற்ற பசையும் அதே பொருளில் ஒட்டுத்துண்டும் வேண்டும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுழியோடிகளின் காற்றடைக்கும் அங்கிகளையும் ரப்பர் படகுகளையும் பராமரிப்பவர்களிடம் ஒரு தடவை பேசிப்பாருங்கள்.

பை முற்றாகக் கிழிந்திருந்தாலும் ஸ்பொன்ஞ் கடைசி வழிதான். இரத்த அழுத்தக் கருவியின் கைப்பட்டைக்குள் இருக்கும் ரப்பர் பை, பல சீட்டுகளின் இடுப்புப் பகுதிக்கு ஏறக்குறையப் பொருந்தும். அதில் இரண்டு குழாய் இருந்தால் ஒன்றை இறுக அடைத்துவிட்டு மற்றதைப் பம்புக்குக் கொடுக்கலாம்.

இனி, விளையாட்டில்லாத ஒரு விஷயம். பல கார்களில் முதுகுப்பகுதியின் பக்கவாட்டில், விபத்தில் விரிந்து ஆளைக் காக்கும் ஏர்பேக் இருக்கிறது. சீட்டுக்குக் கீழே மஞ்சள் நிற இணைப்பைக் கண்டால், பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் பொறுத்த பிறகே கை வையுங்கள். அந்த வயரில் மீற்றர் வைத்துப் பார்க்கவே கூடாது. ஏர்பேக் கிழித்துக்கொண்டு வெளியே வரவேண்டிய பக்கத் தையலை, அதற்கென்றே இலகுவில் அறும் நூலால் தைத்திருப்பார்கள். உறுதியாக இருக்கட்டும் என்று அங்கே தடித்த நூலை ஓட்டினால், விபத்தில் ஏர்பேக் வெளியே வர வழியிருக்காது. ஏர்பேக் உள்ள சீட்டின் பக்கங்களை மூடி உறை தைப்பதும் அதே ஆபத்துதான். வாடிக்கையாளர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் வீதியில் ஓடுபவற்றில் பழையவை ஏராளம். பழைய ஸ்போர்ட்ஸ் சீட்டின் காற்றுப் பை ஒன்றைக் கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் தேடிப் பிடிப்பதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஆகவே வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால் பழைய பையையும் குழாயையும் உரியவரிடமே கொடுத்துவிடுங்கள். எதை எடுத்தீர்கள், எதை வைத்தீர்கள் என்று பில்லில் எழுதுங்கள்.

என் சீட்டை மறுபடி பிரிக்கவேண்டியிருக்கிறது. மேலே சொன்னபடி செய்து தர முன்வரும் பாஸ் யாராக இருந்தாலும் காரைக் கொண்டுவந்து விடுகிறேன். அந்த ஸ்பொன்ஞ் வைத்தவரே ஆனாலும் சரி, தையல் அப்படி.

இப்படிக்கு,
உவர்மலையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்