கூகையும் எலியும்: மாறாத சுற்று என்பது சரியன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செம்பனைத் தோட்டங்களில் எலிகளைக் கட்டுப்படுத்துவதற்காகக் கூகைகளுக்குக் கூட்டுப்பெட்டி வைப்பது பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, இரையும் அதை உண்ணும் விலங்கும் பெருகிக் குறைவதைப் பற்றி லோட்கா 1925இலும் வோல்டெரா 1926இலும் எழுதிய சமன்பாடுகளைக் காட்டி, இரண்டின் எண்ணிக்கையையும் இரு அச்சுகளில் குறித்து வரைந்தால், அவை என்றும் ஒரே மூடிய பாதையில், அதாவது தொடங்கிய இடத்துக்கே திரும்பும் வளையத்தில், சுற்றிவரும் என்று கூறியிருந்தது. தோட்டப்புற மாணவர்களுக்குக் கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் இதை மறுக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

அச்சமன்பாடுகளில் மூடிய பாதைகள் தோன்றுவது உண்மையே. ஆனால் இடநெருக்கடியால் எலிகளின் பெருக்கம் சற்றே தளர்கிறது என்று ஓர் உறுப்பைச் சேர்த்தால், அது எவ்வளவு சிறியதாயினும், எல்லாப் பாதைகளும், இரு எண்ணிக்கைகளும் மாறாது நிற்கும் சமநிலைப் புள்ளியை நோக்கிச் சுருண்டுவிடும். ஒரு கூகை ஓரிரவில் உண்பதற்கு ஓர் அளவு உண்டு என்பதை மட்டும் சேர்த்தாலோ, அவை வெளிநோக்கி விரியும். இத்தகைய சிறு மாற்றங்களால் பாதைகளின் வடிவம் கெடாதிருக்கும் பண்பையே கட்டமைப்பு உறுதி என்கிறோம். 1937இல் சோவியத் அறிஞர்கள் ஆந்திரனோவும் பொந்திரியாகினும் வகுத்த இக்கருத்துக்கு, இருபரிமாணப் பரப்புகளில் முழுமையான தேற்றத்தை 1962இல் தந்தவர் பிரேசில் நாட்டின் பெய்சோட்டோ. மூடிய பாதைகள் எண்ணிக்கையில் முடிவுள்ளவையாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. லோட்கா, வோல்டெரா சமன்பாடுகளிலோ அவை முடிவிலி.

மேற்சொன்ன இரு திருத்தங்களையும் ஒருங்கே சேர்க்கும்போதுதான் நம்பத்தக்க படம் கிடைக்கிறது. எலிகளுக்கான உணவு குறைவாக இருக்கையில் சமநிலை உறுதியாக நிற்கும். உணவு ஒரு வரம்பைத் தாண்டியதும் அது உறுதியிழந்து, தன்னைச் சுற்றி ஒற்றை எல்லைச் சுழற்சியை, அதாவது அருகிலுள்ள பாதைகள் வந்தணையும் மூடிய பாதையை, ஈன்றுவிடும். இதுவே ஹாப்ஃப் கிளைப்பிரிவு. வளம் கூடினால் நிலைமை குலையக்கூடும் என்னும் இம்முடிவைச் சூழலியலாளர் ரோசன்ஸ்வைக் 1971இல் எடுத்துரைத்தார்; நான் படித்த கணிதத்தில் இதைவிட வியப்பூட்டியது வேறில்லை.

வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. கட்டுரை காட்டிய சமன்பாடுகளின்படி, ஒருமுறை நஞ்சு வைத்து எலிகளைக் குறைத்தால் அதன் பின்னுள்ள சுற்று நிரந்தரமாக வேறாகிவிடும்; திருத்திய சமன்பாடுகளின்படி, இரண்டில் எதுவும் அடியோடு அழியாத வரையில், எண்ணிக்கைகள் காலப்போக்கில் பழைய சுழற்சிக்கே திரும்பும். அதை மாற்ற உணவு, கூகைகளின் இறப்பு வீதம் போன்ற அளபுருக்களே மாற வேண்டும். கூட்டுப்பெட்டிகளைப் பற்றி முடிவெடுப்போர் அறிந்திருக்க வேண்டியது இது. ஆகவே, இவ்விரு படங்களையும் அருகருகே அச்சிட்டு, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ மாணவர்களுக்கும் விளங்கும் வகையில் ஒரு திருத்தக் கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்,
தாப்பா, பேராக், மலேசியா.