ஆண்டறிக்கை: வில்லா ஹ்யூகலைப் படித்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், இப்பொதுக்கூட்டத்துக்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் கோடைகால ஒன்றுகூடலும் வழமைபோல் நிறைவாக நடந்தேறின. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் தடையின்றி நடக்கின்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எனவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை, சென்ற பொதுக்கூட்டத்தில் நாம் ஒருமனதாக ஏற்ற ஒரு பணிக்கே ஒதுக்குகிறேன். பல்டெனை ஏரியைப் பார்த்தபடி மேட்டில் நிற்கும், உருக்குத் தொழிலதிபர்களான க்ருப் குடும்பத்தின் வில்லா ஹ்யூகல் மாளிகையின் கதையைத் தமிழில் படித்து, நம் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்வது என்பதே அந்தப் பணி. ஜெர்மனியின் எசன் நகரில் வாழும் நம்மில் பலருக்கு அது ஒளிப்படம் எடுத்துத் திரும்பும் இடமாகவே இருந்து வந்தது. இந்த ஆண்டு அது மாறியது என்பதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

முதல் உரையை மாளிகையிலிருந்து தொடங்காமல் தொழிற்சாலையிலிருந்து தொடங்கினோம். அதுதான் சரியான வாசல். 1811இல் பிரீட்ரிக் க்ருப் தொடங்கிய உருக்குப் பட்டறையை, தந்தை இறந்த 1826இல் 14 வயதில் ஏற்றவர் அல்ஃப்ரெட் க்ருப். ரயில் சக்கரங்களுக்கான, ஒட்டுத் தடமில்லாத உருக்கு வளையங்கள் அவருக்குச் செல்வம் சேர்த்தன. நிறுவனத்தின் மூன்று வளையச் சின்னம் அங்கிருந்து வந்ததே. பீரங்கிகள் பெயரையும் பணத்தையும் பெருக்கின. ஆனால் அவர் குடும்பம் ஆலையின் நடுவிலேயே குடியிருந்தது. 1861இல் 'பிரிட்ஸ்' என்ற ராட்சத நீராவிச் சம்மட்டி இயங்கத் தொடங்கிய பிறகு, அதன் ஒவ்வொரு அடிக்கும் வீடு அதிர்ந்தது. புகைக்கரி படிந்துகொண்டே இருந்தது. நகருக்குத் தெற்கே, ரூர் ஆற்றை ஒட்டிய மேட்டு நிலத்தை அவர் 1864இல் வாங்கியதன் காரணம் இதுதான். தாம் எழுப்பிய புகையிலிருந்து அவர் விலகிப் போனார். அவருடைய தொழிலாளர்களுக்கு அந்த வசதி இல்லை என்பதை உரை நிகழ்த்திய நம் உறுப்பினர் அழுத்திச் சொன்னார். நானும் அதையே இங்கே பதிவு செய்கிறேன்.

1870இல் கட்டடப் பணி தொடங்கி, 1873 ஜனவரியில் குடும்பம் குடிபுகுந்தது. கட்டடக் கலைஞர்கள் பலர் வந்தார்கள், போனார்கள். திட்டத்தின் அடிப்படை வரைவுகள் அல்ஃப்ரெட் கைப்பட வரைந்தவை. தீயைக் கண்டு அவருக்கு இருந்த அச்சம் பெரியது. ஆகவே இரும்பு, கல், கண்ணாடி ஆகியவற்றையே நம்பிக் கட்டினார். எரியக்கூடிய மரத்தைக் கூடுமானவரை ஒதுக்கினார். வெளிச்சுவருக்கான சுண்ணக்கல் பிரான்சிலிருந்து வந்தது. வேலை நடந்துகொண்டிருந்தபோதே ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டது. வீட்டுக்கென்று தனி நீர் வழங்கல், தனி எரிவாயு உற்பத்தி, காற்றோட்டத்தோடு இணைந்த சூடாக்கும் அமைப்பு எல்லாம் உண்டு. அந்தச் சூடாக்கும் அமைப்பு தொடக்க ஆண்டுகளில் சரிவர இயங்காமல் குடும்பத்தைக் குளிரில் வாட்டியது. 269 அறைகள், 8,100 சதுர மீட்டர் பரப்பு என்ற எண்களைவிட, ஓர் ஆலைக்குரிய பொறியியலை ஒருவர் வீட்டுக்குள் கொண்டுவர முயன்றார் என்பதே எனக்கு வியப்பு. புறத்தோற்றத்தில் அலங்காரம் குறைவு. அது அழகில்லை என்று நம்மில் சிலர் கருதினர். எனக்கு அந்த இறுக்கம் நேர்மையாகப் படுகிறது.

28 ஹெக்டேர் பூங்காவைப் பற்றியும் ஒரு சொல். கன்றுகள் மரமாகும் வரை காத்திருக்க அல்ஃப்ரெட்டுக்கு மனமில்லை. வளர்ந்த மரங்களையே வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்து நட்டார்.

இலையுதிர் காலத்தில் குடும்பங்களோடு எஸ் 6 ரயிலில் சென்று, எசன் ஹ்யூகல் நிலையத்தில் இறங்கி, மேட்டின் மேல் நடந்தோம். உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் குழம்பிப்போனார்கள். மரத்துக்கு அஞ்சியவர் வீடு என்று சொல்லி அழைத்துப் போயிருந்தோம். உள்ளேயோ சுவரெங்கும் செதுக்கு வேலைப்பாடுள்ள கரும்பழுப்பு மரப் பலகைகள், அவற்றின் நடுவே ஆளுயரத்துக்கும் மேலான ஃபிளெமிஷ் திரைச்சீலைகள். அந்த மரவேலை அல்ஃப்ரெட் காலத்ததன்று. அவருடைய பேத்தி பெர்த்தாவை குஸ்தாவ் ஃபொன் போலென் உண்ட் ஹல்பாக் 1906இல் இதே வீட்டில் மணந்தார்; பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் நேரில் வந்திருந்தார். பின்னர் முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், பேரரசரின் கட்டடக் கலைஞர் எர்ன்ஸ்ட் ஃபொன் ஈனெயின் கைவண்ணத்தில் உட்புறம் முற்றிலும் மாறியது. தாத்தாவின் இரும்பின் மேல் பேத்தியின் மரம் போர்த்தப்பட்டது. மேல் மண்டபத்தில் குடும்பத்தினரும் பேரரசர்களும் ஓவியங்களில் அருகருகே நிற்கிறார்கள். யாரிடம் யாருக்குத் தேவை இருந்தது என்பதை அந்தச் சுவரே சொல்கிறது.

"இவ்வளவு பெரிய வீட்டை யார் கூட்டித் துடைத்தார்கள்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அன்றைய பயணத்தின் மிக நல்ல கேள்வி அது. 1914இல் வீட்டிலும் தோட்டத்திலும் லாயத்திலுமாக 640க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். அவர்களில் பலருக்காகவே அருகில் பிராண்டன்புஷ் குடியிருப்பு கட்டப்பட்டது.

அடுத்து வரும் பகுதியை அறிக்கையில் சேர்க்கவேண்டுமா என்று சபையில் விவாதம் எழுந்தது. சேர்த்தே ஆகவேண்டும் என்று நான் வலியுறுத்தினேன். இரண்டாம் உலகப் போரில் க்ருப் ஆலைகளில் பல்லாயிரம் பேர் கட்டாய உழைப்பாளர்களாக வேலை வாங்கப்பட்டார்கள். எசனின் ஹும்போல்ட் தெருவில், நாஜிகளின் பூக்கன்வால்ட் வதைமுகாமின் கிளையாக ஒரு முகாம் இருந்தது. சுமார் 520 யூதப் பெண்கள், அவர்களில் பலர் இளம்பெண்கள், 1944இலிருந்து அங்கே அடைக்கப்பட்டு க்ருப் ஆலையில் வேலை செய்தார்கள். மாளிகை நின்ற அதே நகரம். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படையினர், பெர்த்தாவின் மகனும் அப்போதைய நிறுவன உரிமையாளருமான அல்ஃப்ரீட் க்ருப்பை வில்லா ஹ்யூகலிலேயே கைது செய்தனர். 1948இல் நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில் அவருக்கு 12 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது, 1951இலேயே விடுதலையானார். போரால் வீடிழந்து வந்த குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அந்த மண்டபத்தில் நின்றுகொண்டு இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டிருந்தால், திரைச்சீலைகளை மட்டும் காட்டித் திரும்பியவர்களாகியிருப்போம்.

போருக்குப் பின் நிலக்கரித் துறையை மேற்பார்த்த நேச நாட்டு அலுவலகம் சில ஆண்டுகள் அங்கே இயங்கியது. 1953இலிருந்து மாளிகை பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. கண்காட்சிகளும் இசை நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. அல்ஃப்ரீட் 1967இல் இறந்தபின் சொத்து முழுவதும் அவர் பெயரிலான அறக்கட்டளைக்குச் சென்றது. க்ருப் வரலாற்று ஆவணக் காப்பகமும் அதே வளாகத்தில்தான் உள்ளது.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகளைச் சபையின் சார்பில் வைக்கிறேன். ஒன்று, தொழிலாளர் வாழ்ந்த பக்கத்தையும் பார்க்கவேண்டும்: பிராண்டன்புஷ் குடியிருப்புக்கும், பெர்த்தாவின் தாய் மர்கரேத்தெ க்ருப் 1906இல் தொடங்கிவைத்த மர்கரேத்தன்ஹ்யோ தோட்ட நகருக்கும் ஒரு நடைப்பயணம். இரண்டு, இந்த ஆண்டின் உரைகளைத் தொகுத்துத் தமிழில் ஒரு சிறு கையேடு. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் மாணவர்கள் எழுத்துப் பணியில் உதவ முன்வந்துள்ளனர். மெய்ப்புப் பார்க்க மூத்த உறுப்பினர்களின் உதவி தேவை. விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

உரை நிகழ்த்தியோருக்கும், பயணத்தன்று உணவு சமைத்துத் தந்த தாய்மாருக்கும், முதியோரைக் காரில் மேட்டுக்கு ஏற்றிச் சென்ற இளைஞர்களுக்கும் சபையின் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்கூட்டத்தின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்